செடிக்கு வீணை கேட்க வைத்தால் அது சோதனை ஆகாதா?

கேள்வி | ஜூலை 3, மாலை 6.40

ராமமூர்த்தி நகரிலிருந்து எழுதுகிறேன். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இரண்டு தொட்டியில் பச்சைப்பயறு விதைத்தாள். ஒரு தொட்டிக்குத் தினமும் சாயங்காலம் ஸ்பீக்கரில் வீணை போட்டாள், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. வீணை கேட்ட தொட்டி நான்கு விரல் உயரம் கூடுதலாக வளர்ந்தது. சார்ட்டில் ‘நோக்கம்: இசையால் செடி வேகமாக வளர்கிறதா என்று கண்டறிவது’ என்று அழகாக எழுதியிருந்தாள். நடுவராக வந்தவர் படித்துவிட்டு ‘இது சோதனையே இல்லை’ என்று சொல்லி அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. விதைத்தாள், கேட்க வைத்தாள், ஸ்கேல் வைத்து அளந்தாள். இதில் எது குறைகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறிப்பு | ஜூலை 3, இரவு 10.15

சார், நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் அவள் வைத்த இரண்டு தொட்டியால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அந்த நடுவர் இரண்டு நிமிஷம் நின்று இதை விளக்கியிருக்கலாம். குழந்தை பார்த்துப் பார்த்து வளர்த்த செடியை ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

நான் இங்கே பெங்களூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற ‘நோக்கம்’ என்ற வரியோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறவள். எனக்குத் தோன்றுவது இது.

வீணைத் தொட்டி கூடுதலாக வளர்ந்தது, சரி. வீணையைத் தவிர வேறு எது அதை வளர்த்திருக்க முடியும்? ஸ்பீக்கருக்கு பிளக் பாயிண்ட் வேண்டும், அதனால் அந்தத் தொட்டி ஒரு குறிப்பிட்ட மூலையில் இருந்திருக்கும். நம் ஊர் அபார்ட்மெண்ட் பால்கனியில் தொட்டியை ஒரு முழம் நகர்த்தினாலே வெயில் மாறிவிடும். வெயில் குறைந்த இடத்துப் பயறு வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீளமாகப் போகும். அதாவது உயரம் கூடியது நன்றாக வளர்ந்ததால்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. அடுத்தது தண்ணீர். பாட்டுப் போட தினமும் அந்தத் தொட்டிப் பக்கம் போகிறவள், மண் காய்ந்திருந்தால் ஒரு கை தெளிக்காமலா வந்திருப்பாள்? பிரியமாக வளர்க்கிற செடி ஆயிற்றே. அப்புறம் விதை. ஒரே பொட்டலத்து விதைகளிலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

வெயில், தண்ணீர், விதை. இந்த மூன்றில் எது காரணமாக இருந்தாலும் ஸ்கேல் அதே நான்கு விரலைத்தான் காட்டியிருக்கும். இசையையும் இவற்றையும் பிரித்துக் காட்ட அந்த அமைப்பில் வழி இல்லை. நடுவர் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும்.

குறிப்பு | ஜூலை 4, காலை 7.30

மறுபடி செய்ய ஆசைப்படுகிறாள், எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

இரண்டு தொட்டி போதாது. இருபது காகித டம்ளர் வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, ஒரே மூட்டை மண்ணை ஒரே அளவு நிரப்பி, ஆளுக்கு ஒரு விதை. எந்த டம்ளருக்கு இசை என்பதை அவள் தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டு எழுதிக் குலுக்கிப் போட வேண்டும். நன்றாக முளைத்ததாகத் தெரிகிற டம்ளரை நம் கை தானாகவே பிடித்த பக்கம் வைத்துவிடும். நல்ல மனசு இருந்தாலும் இது நடக்கும்.

இசை இல்லாத பக்கமும் அதேபோல ஒரு ஸ்பீக்கர் வேண்டும். ஆன் செய்திருக்க வேண்டும், சத்தம் மட்டும் கூடாது. ஸ்பீக்கரின் சூடு, அது மறைக்கிற வெளிச்சம், பக்கத்தில் போய் வருகிற ஆள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேட்காத தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் வெயில் ஒன்றாக இருக்க வேண்டும். இது கஷ்டம். அதனால் சில நாளைக்கு ஒருமுறை இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றுங்கள். தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

அளக்கிற ஆள் அவளாக இருக்கக் கூடாது. எது இசை டம்ளர் என்று தெரியாத ஒருவர் அளக்கட்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரே போதும்.

குறிப்பு | ஜூலை 4, காலை 7.50

விட்டுப்போனது: எதை அளக்கப்போகிறோம் என்பதை விதைக்கும் முன்பே எழுதி, தேதி போட்டு வைக்க வேண்டும். உயரமா, இலை எண்ணிக்கையா, காய வைத்த எடையா? எல்லாவற்றையும் அளந்துவிட்டு, இசைக்குச் சாதகமாக வந்ததை மட்டும் சார்ட்டில் போட்டால் எந்தச் செடியும் இசை ரசிகர் ஆகிவிடும். என்னைக் கேட்டால் காய வைத்த எடை. மெலிந்து நீள்கிற பயறு உயரத்தில் ஏமாற்றும், எடையில் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

குறிப்பு | ஜூலை 6, இரவு 9.40

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: ‘இவ்வளவு சந்தேகத்தையும் தலையில் ஏற்றினால் குழந்தைக்கு ஆர்வமே போய்விடாதா? சி. வி. ராமன் இப்படியெல்லாம் யோசித்தா கண்டுபிடித்தார்?’

இப்படியெல்லாம் யோசித்துத்தான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 28 வந்தால் பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், அவர் செய்ததை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1921இல் கப்பலில் போய்வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பு என்பதுதான் அப்போது இருந்த விளக்கம். ராமன் கையில் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தண்ணீரின் மேல்பரப்பு பிரதிபலிக்கிற ஒளி ஒரே தளத்தில் அதிர்கிற ஒளியாக இருக்கும். பட்டகத்தைத் திருப்பி அந்த ஒளியை மட்டும் அணைத்துவிடலாம். அணைத்துப் பார்த்தார். நீலம் வெறும் பிரதிபலிப்பாக இருந்தால் அது போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. அந்த நீலம் தண்ணீருக்குள்ளிருந்துதான் வருகிறது. கப்பல் தளத்தில் நின்று, சட்டைப்பையில் அடங்குகிற ஒரு கருவியை வைத்து, எதிர் விளக்கத்தை நேராகப் போய்த் தொட்டார்.

அதற்கடுத்த வருஷங்களில் கல்கத்தாவில் அவரும் மாணவர்களும் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார்கள். 1923இல் கே. ஆர். ராமநாதன் தண்ணீரில் ஒரு மங்கலான வேற்று நிற ஒளியைக் கவனித்தார். உடனே வந்த விளக்கம், திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்பது. நியாயமான சந்தேகம்தான். அதனால் திரவத்தைத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார்கள். ஒளி போகவில்லை.

1928இல் ராமனும் நம் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனும் செய்ததை என் மாணவர்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன். இரண்டு வண்ணக் கண்ணாடி. ஒன்று நீல ஊதாவை மட்டும் விடும். மற்றது பச்சையை விடும், நீல ஊதாவை விடாது. இரண்டையும் சேர்த்துச் சூரிய ஒளியில் பிடித்தால் ஒன்றும் வராது. இப்போது முதல் கண்ணாடி வழியாக ஒளியைத் திரவத்துக்குள் அனுப்பு, இரண்டாவதைக் கண்முன் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பார். நிறம் மாறவில்லை என்றால் இருட்டுதான் தெரிய வேண்டும். ஒளிக்கோடு தெரிந்தது.

இதற்கும் ஒரு எதிர்க் கேள்வி உண்டு. கண்ணாடிகள் சரியில்லாமல் பச்சை ஒளி கொஞ்சம் கசிகிறதோ? பச்சைக் கண்ணாடியைக் கண்முன்னிருந்து எடுத்து, ஒளி உள்ளே போகிற பாதையில் முதல் கண்ணாடியோடு சேர்த்து வை. கசிவாக இருந்தால் கோடு அப்படியே தெரியும். மறைந்தால், அந்தப் பச்சை திரவத்துக்குள்தான் பிறக்கிறது. மறைந்தது. கருவியில் புதிதாக ஒன்றும் சேரவில்லை, ஒரு கண்ணாடி இடம் மாறியது, அவ்வளவுதான்.

சாதாரண ஒளிர்வாக இருந்தால் அந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருக்காது, அதாவது ஒரே தளத்தில் அதிராது. இது வலுவாகப் பெற்றிருந்தது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுகிற நிறமாலைமானியில் பார்த்தால், மாறிய ஒளி பட்டையாகப் பரவாமல், ஒரு இருண்ட இடைவெளி விட்டுத் தனியாக நின்றது. ஒரே திரவத்தின் அழுக்கோ என்ற கேள்விக்கு, அறுபது திரவங்களில் பார்த்தார்கள். ‘வேறு எது காரணமாக இருக்கலாம்’ என்ற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அமைப்பு. 1930இல் நோபல் பரிசு.

இதைக் கேட்டு ஆர்வம் போன ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. கண்ணாடி இடம் மாறுகிற கட்டத்தில் எப்போதும் யாராவது ஒருவர் ‘ஓ’ என்று சத்தமாகவே சொல்லிவிடுவார்கள்.

குறிப்பு | ஜூலை 7, மதியம் 1.10

‘ராமன் கதை சரி அக்கா, எங்கள் லேபில் நோக்கம் அச்சடித்தே வருகிறது, கருவியும் எடுத்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் யோசிக்க என்ன இருக்கிறது?’ இது முதலாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவர் கேட்டது.

நிறைய இருக்கிறது தம்பி. தனி ஊசலை எடுத்துக்கொள். ‘நோக்கம்: புவியீர்ப்பு முடுக்கம் ஜி காண்பது.’ ஜி எவ்வளவு என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். அதனால் பாதி நோட்டில் விடை சரியாக 9.8 என்று வருகிறது, அலைவு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதியிருப்பார்கள். பெங்களூரில் உண்மையான மதிப்பு சுமார் 9.78.

இருபது அலைவு எண்ணச் சொல்கிறோமே, ஏன்? ஒரு மீட்டர் ஊசலுக்கு ஒரு அலைவு இரண்டு விநாடி. ஸ்டாப்வாட்சை அமுக்குகிற விரல் 0.2 விநாடி முன்பின் போகும் என்று வை. ஒரே அலைவை அளந்தால் நேரத்தில் 10 சதவீதப் பிழை, ஜி கணக்கில் அது வர்க்கமாக வருவதால் 20 சதவீதம். இருபது அலைவு 40 விநாடி. விரல் பிழை அதே 0.2 தான். நேரத்தில் அரை சதவீதம், ஜியில் ஒரு சதவீதம். விரலை யாராலும் திருத்த முடியாது. அதன் பிழையை இருபதாகப் பங்கு போட்டுவிடலாம்.

இன்னும் அருமையான இடம் வரைபடம். நீளத்தைப் பல அளவில் மாற்றி, அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் கோடு வரைகிறோம். ஒரே நீளத்தில் ஒரே கணக்குப் போட்டால் என்ன குறை? நூலைக் கொக்கி வரைக்கும் அளந்துவிட்டு, குண்டின் மையம் வரைக்கும் இருக்கிற 1.2 செ.மீ.யை விட்டுவிட்டாய் என்று வை. 50 செ.மீ. நூலுக்கு ஜி 9.55 என்று வரும், பிழை எங்கே என்று தெரியாது. கோடு வரைந்தால்? அந்த 1.2 செ.மீ. எல்லா நீளத்திலும் ஒரே மாதிரி விட்டுப்போகிறது, அதனால் கோடு மொத்தமாக நகரும், சாய்வு மாறாது. ஜி சாய்விலிருந்துதான் வருகிறது. பிழை இருந்தபடியே இருக்கும், விடையை மட்டும் தொடாது. கோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் விட்டுப்போன நீளம்கூட வந்துவிடும்.

எங்கள் லேபில் ஒரு பெண் ‘மேடம், கோடு பூஜ்யத்தில் போகவில்லை’ என்று வந்து நின்றாள். பக்கத்து மேஜையில் எல்லோரும் ஸ்கேலை இழுத்துப் பிடித்துப் பூஜ்யத்தில் சேர்த்துவிட்டார்கள். இவள் சேர்க்கவில்லை. வெட்டுப்புள்ளியைக் கணக்குப் போடச் சொன்னேன். அப்புறம் வெர்னியர் காலிப்பர் எடுத்துக் குண்டின் ஆரத்தை அளக்கச் சொன்னேன். இரண்டும் பொருந்தியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்ததை அச்சடித்த நோக்கத்தில் எழுத முடியாது.

குறிப்பு | ஜூலை 10, இரவு 8.55

நம் உரையாடல் இழை காபிக்குப் போய்விட்டது. பெங்களூரில் நான்கு தமிழர் சேர்ந்தால் வேறு எங்கே போகும். மல்லேஸ்வரத்து அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார்: டம்ளரில் டிகாஷன் முதலில் விட்டுப் பால் ஊற்றினார்களா, பால் முதலில் விட்டு டிகாஷன் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவாராம். அவர் மருமகன் நம்பவில்லையாம். தீர்ப்பு என்னிடம் வந்திருக்கிறது.

அம்மா, இதே வழக்கு நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் தேநீருக்கு நடந்திருக்கிறது. ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர், பால் முதலா தேநீர் முதலா என்பது தனக்குச் சுவையிலேயே தெரியும் என்றார். அங்கே வேலை செய்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அதை எப்படிச் சோதிப்பது என்று யோசித்தார். 1935இல் எழுதிய புத்தகத்தில் அதையே முதல் உதாரணமாக வைத்தார்.

எட்டு டம்ளர். நான்கில் டிகாஷன் முதலில், நான்கில் பால் முதலில். வரிசையைக் குலுக்கிப் போட வேண்டும். எந்த நான்கு டிகாஷன் முதல் என்று நீங்கள் சொல்ல வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னால் முழுதும் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்புதான். ஆறு டம்ளர் வைத்தால் 20 வழி. 20இல் ஒன்று குருட்டு அதிர்ஷ்டம். எத்தனை டம்ளர் என்பதை மருமகனின் சந்தேகம்தான் முடிவு செய்கிறது.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த அம்மையார் எத்தனை கோப்பை சரியாகச் சொன்னார் என்று ஃபிஷர் எழுதவே இல்லை. முதல் கோப்பை ஊற்றும் முன்பே வேலை முழுதும் முடிந்துவிட்டது: எத்தனை, எந்த வரிசை, என்ன வந்தால் நம்புவோம், என்ன வந்தால் நம்ப மாட்டோம்.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது சூடு. ஆறிப்போன டிகாஷன் முதலில் போனால் ஒரு சூடு, கடைசியில் போனால் வேறு சூடு என்று ஆகலாம். நுரையும் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவை டபராவில் ஆற்றி, சூடு சமமான பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். ஊற்றியவர் ஒருவர், கொண்டுவந்து கொடுப்பவர் இன்னொருவர். கொடுப்பவருக்கு எது எது என்று தெரியக் கூடாது, மருமகன் முகத்தைப் பார்த்தே மாமியார் கண்டுபிடித்துவிடுவார்.

குறிப்பு | ஜூலை 11, காலை 6.45

நான்கில் மூன்று சரியாகச் சொன்னால் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார். கூடாதம்மா. மூன்று சரி, ஒன்று தப்பு என்று அமைய 16 வழி இருக்கிறது. முழுச் சரியையும் சேர்த்தால் 17. எழுபதில் 17 என்பது கிட்டத்தட்ட நாலில் ஒன்று, காபியே குடிக்காத ஆளுக்கும் கிடைக்கிற வாய்ப்பு. அதற்காக உங்களுக்குத் தெரியாது என்றும் ஆகாது. இந்த எட்டு டம்ளரால் சொல்ல முடியவில்லை, அவ்வளவே. டம்ளர் கூட்டிச் செய்யுங்கள். எத்தனை என்பதை மருமகனோடு பேசி முன்பே முடிவு செய்துவிடுங்கள். விரும்பிய விடை வருகிற வரைக்கும் கூட்டிக்கொண்டே போனால் கணக்கு கெட்டுவிடும்.

குறிப்பு | ஜூலை 15, இரவு 11.05

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நல்ல ஆட்சேபம் வைத்திருக்கிறார். ‘எல்லாச் சோதனையும் எதிர் விளக்கத்தை வெட்டத்தான் என்பது குறுகிய பார்வை. அங்கே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதும் சோதனைதானே?’ இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் போய்ப் பார்க்கிற வேலையும் எங்கே போய் முடிகிறது என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி.

என் அப்பா வழியில் எல்லோரும் கோலார் தங்கவயல். தாத்தாவுக்குச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. மாரிக்குப்பத்திலிருந்து ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிற தமிழர்கள் இன்றும் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், காற்று மண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோ என்ற நுண்துகள் உலகிலேயே முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று அவர்கள் தாத்தாக்கள் இறங்கிய குழி என்று?

விண்வெளியிலிருந்து வருகிற துகள்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற நுண்துகள்கள் மழையாகக் கொட்டுகின்றன. பாறைக்குள் ஆழமாகப் போகப் போக அவை குறையும். எவ்வளவு குறையும்? 1950களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. வி. ஸ்ரீகண்டன், எஸ். நாராணன் போன்றவர்கள் கருவிகளோடு தங்கவயலில் இறங்கி வெவ்வேறு ஆழத்தில் எண்ணினார்கள். இதுதான் நண்பர் சொல்கிற போய்ப் பார்க்கிற வேலை. 1960களின் தொடக்கத்தில் இன்னும் ஆழத்தில் கருவியை வைத்துக் காத்திருந்தபோது ஒன்றுகூட விழவில்லை.

இதைத் தோல்வி என்று மூட்டை கட்டியிருக்கலாம். அவர்கள் அதைத் திருப்பிப் பார்த்தார்கள். இங்கே மியூவானே வராது என்றால், இந்த அமைதியில் ஏதாவது விழுந்தால் அது வேறெங்கிருந்தோ வந்ததாகத்தான் இருக்கும். நியூட்ரினோ மட்டும்தான் பூமியையே துளைத்துக்கொண்டு வரக்கூடியது. எப்போதாவது ஒன்று பக்கத்துப் பாறையில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கும்.

மிச்சமிருந்த எதிர் விளக்கம் ஒன்றுதான்: மேலிருந்து தப்பித்து வந்த ஒரு சாதாரண மியூவான். அதனால் கருவியைச் சுவர் மாதிரி நிறுத்தி, பக்கவாட்டில் வருவதைப் பார்க்க வைத்தார்கள். நேர் மேலிருந்து வந்தால் 2.3 கிலோமீட்டர் பாறை. படுக்கைவாட்டில் வந்தால் அதைப்போலப் பல மடங்கு, எந்த மியூவானும் பிழைக்காது. அப்படிப் படுத்த கோணத்தில் ஒரு தடம் விழுந்தால் அதைப் பெற்றது நியூட்ரினோதான். இந்தியா, ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் சேர்ந்த குழு 1965இல் அதைப் பதிவு செய்தது. கிட்டத்தட்ட அதே சமயம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரடெரிக் ரைனஸின் குழுவும் பதிவு செய்தது.

அதனால் நண்பரே, உங்கள் ஆட்சேபத்தை ஏற்கிறேன், கூடவே ஒன்று சொல்கிறேன். முதல் பத்து வருஷம் அவர்கள் போய்ப் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் எந்த ஆழத்தில், எந்தத் திசையில் பார்த்தால் எதிர் விளக்கம் செத்துவிடும் என்று கணக்குப் போட முடிந்தது. முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை.

சுரங்கம் 2001இல் மூடிவிட்டார்கள். குழிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஊரில் இதற்கு ஒரு நல்ல நினைவிடம் வேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குறிப்பு | ஜூலை 16, காலை 8.20

நேற்றைய குறிப்புக்குத் தங்கவயல்காரர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். உரிகம் பக்கத்து அண்ணன் ஒருவர், தன் அப்பா கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், அந்த விஞ்ஞானிகளின் பெட்டிகளை இறக்கியதாகச் சொல்வார் என்கிறார். அண்ணா, அப்பா சொன்னதையெல்லாம் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

குறிப்பு | ஜூலை 21, இரவு 10.30

செவிலியர் ஒருவர்: ‘டம்ளரையும் செடியையும் சீட்டுக் குலுக்கலாம். நோயாளியைக் குலுக்கலாமா?’

இதைக் கேட்காமல் இந்த இழை முடிந்திருந்தால் குறையாக இருந்திருக்கும். சென்னை சேத்துப்பட்டையே எடுத்துக்கொள்வோம். 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். அப்போதைய நம்பிக்கை, காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர வேண்டும், நல்ல காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு வேண்டும் என்பது. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கை கிடையாது. புதிதாக மாத்திரைகள் வந்திருந்தன. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதுமா?

வீட்டில் சாப்பிட்டுக் குணமானவர்களை மட்டும் எண்ணினால் பதில் கிடைக்காது. நோய் லேசாக இருந்தவர்கள் வீட்டில் தங்கியிருப்பார்கள் என்ற எதிர் விளக்கம் உடனே வந்து நிற்கும். அதனால் குலுக்கினார்கள். சிலர் வீட்டுக்கு, சிலர் சானடோரியத்துக்கு. எல்லோருக்கும் ஒரு வருஷம் ஒரே மருந்துகள். வீட்டுக்குப் போனவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைவான சாப்பாட்டில், ஓய்வு இல்லாமல் இருந்தார்கள். 1959இல் முடிவு வந்தது. குணம் ஏறக்குறைய சமம். வீட்டாருக்குத் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. அதன் பிறகு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது.

குலுக்கியது நியாயமா? எது நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதபோது, இரண்டு பக்கமும் மருந்து கிடைக்கிறபோது, நோயாளிக்கு விளக்கிச் சம்மதம் வாங்கியபோது நியாயம் என்பது என் எண்ணம். ஒன்று நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தும் குலுக்கினால் அது குற்றம்.

குறிப்பு | ஜூலை 24, மாலை 5.15

அதே செவிலியர் செங்கல்பட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார். 1968இல் அங்கே தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் நடந்த சோதனையில் நன்றாக வேலை செய்த ஊசி அது. எல்லோருக்கும் பெரிய ஏமாற்றம். ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்காகவே அந்தக் குழுவின் மீது எனக்கு மரியாதை.

‘அப்படியென்றால் பிறந்த குழந்தைக்கு இன்னும் ஏன் போடுகிறோம் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது?’ என்கிறார். சிஸ்டர், செங்கல்பட்டில் முக்கியமாகக் கேட்ட கேள்வி நுரையீரல் காசநோயைப் பற்றியது. கைக்குழந்தைகளுக்கு மூளைச்சவ்வில் வருகிற காசநோயும், உடம்பு முழுக்கப் பரவுகிற காசநோயும் வேறு கேள்வி. அவற்றிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த வயதில் அவை உயிரைப் பறிக்கிற வடிவங்கள். தாய்மார்களிடம் இதையே சொல்லுங்கள்: இந்த ஊசி குழந்தையை அந்த இரண்டிலிருந்து காக்கப் போடுவது, பெரியவனான பிறகு இருமல் நீடித்தால் ஊசி போட்டாயிற்றே என்று இருக்காமல் சளிப் பரிசோதனைக்கு வர வேண்டும்.